கன்வர்ட்டரை இப்போதைக்கு மாற்ற வேண்டாம்

கேள்வி: என்னுடையது 2016 மாடல் பெட்ரோல் கார், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து கல்லூரிக்குத் தினமும் ஓட்டுகிறேன். மாதம் இரண்டு முறை நாகர்கோவிலுக்குப் போய் வருவேன். எட்டு மாதங்களுக்கு முன் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு, பி0171 என்று குறியீடு வருகிறது என்றார்கள். எம்.ஏ.எஃப். சென்சாரைச் சுத்தம் செய்து, குறியீட்டை அழித்துக் கொடுத்தார்கள். பத்து நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது. முன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் அதே விளக்கு. இப்போது பி0171-உடன் பி0420-உம் சேர்ந்து வருகிறது. புகையிலுள்ள நச்சுவாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். விலையைக் கேட்டு மலைத்துப் போனேன். சிக்னலில் ஏ.சி. போட்டு நிற்கும்போது கார் லேசாக உதறுகிறது. நெடுஞ்சாலையில் எந்தக் குறையும் இல்லை. மைலேஜ் சற்றுக் குறைந்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார் ஒருவர். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும் என்கிறார் இன்னொருவர். உண்மையில் எது கெட்டிருக்கிறது? இப்படியே ஓட்டலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கன்வர்ட்டரை மாற்ற இப்போது சம்மதிக்க வேண்டாம். அது கெட்டிருக்க வாய்ப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கெட்டிருக்கிறதா என்று இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. முதல் குறியீட்டுக்கான காரணம் எட்டு மாதமாக அப்படியே இருக்கிறது. அதைத் தீர்க்காமல் இரண்டாவது குறியீட்டுக்குப் பணம் கொடுத்தால், புதிய கன்வர்ட்டரோடும் இதே விளக்கு எரியும்.

உங்கள் கடிதத்தில் ஸ்கேனர் சொன்னதைவிட மதிப்புள்ள செய்தி ஒன்று இருக்கிறது: சிக்னலில் உதறுகிறது, நெடுஞ்சாலையில் குறை இல்லை. இதை ஒர்க்‌ஷாப்பில் சொன்னீர்களா, சொன்னால் குறித்துக்கொண்டார்களா என்று தெரியவில்லை. கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பாதிக்குமேல் அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது.

பி0171 என்பதன் பொருள், என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு என்பதுதான். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. இந்தக் குறியீடுகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை. அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதல் இந்த முறை கட்டாயமானது. பிறகு உலகம் முழுவதும் பரவியது. எழுத்துக்கு அடுத்த இலக்கம் 0 என்றால் பொதுக் குறியீடு, 1 என்றால் அந்த நிறுவனத்தின் தனிக் குறியீடு. அதற்கு அடுத்த இலக்கம் பிரிவைக் காட்டும்: 1 எரிபொருள்–காற்று அளவீடு, 3 இக்னிஷனும் மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), 4 புகைக் கட்டுப்பாடு. ஆகவே உங்கள் இரண்டு குறியீடுகளும் இரண்டு வெவ்வேறு பிரிவுகளிலிருந்து வருகின்றன. இவை ஒன்றுக்கொன்று தொடர்புடையவையா என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கலவையில் காற்று அதிகம் என்ற முடிவுக்கு ஈ.சி.யூ., அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, எப்படி வருகிறது என்று பார்ப்போம். பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதை எம்.ஏ.எஃப். சென்சார் அளந்து சொல்லும். அதற்கேற்ற பெட்ரோலை ஈ.சி.யூ. தெளிக்கும். எரிந்து வெளியே போகும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று முன் ஆக்சிஜன் சென்சார் பார்க்கும். மிஞ்சியிருந்தால் ஈ.சி.யூ. பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், இல்லையென்றால் குறைக்கும். இப்படிக் கூட்டிக் குறைக்கும் திருத்தத்துக்கு ஃப்யூல் ட்ரிம் என்று பெயர். நொடிக்கு நொடி மாறுவது குறுகியகால ட்ரிம். பல நாள் ஓட்டத்தில் கற்றுக்கொண்டு நினைவில் வைத்திருப்பது நீண்டகால ட்ரிம். இரண்டையும் கூட்டினால் நல்ல நிலையிலுள்ள காரில் பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள் நிற்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் எல்லை மாறினாலும், 20, 25 சதவீதத்தை ஒட்டித் திருத்திய பிறகும் போதவில்லை என்றால் பல கார்களில் பி0171 பதிவாகிவிடும்.

இப்போது நடந்ததைத் திரும்பிப் பாருங்கள். முன் ஆக்சிஜன் சென்சார் "புகையில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது" என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்ன அந்தச் சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டார்கள். புதியதும் அதையேதான் சொல்கிறது. குறியீட்டுக்குப் பக்கத்தில் எந்தச் சென்சார் இருக்கிறதோ அதை மாற்றிப் பார்ப்பது நம் ஊரில் மிகப் பரவலான பழக்கம். இதனால் வாடிக்கையாளர்கள் இழக்கும் பணத்தைப் பார்த்து நான் உண்மையாகவே வருந்துகிறேன். கையில் ஸ்கேனர் இருந்தும் ஃப்யூல் ட்ரிம் எண்களைப் பார்க்காமல் சென்சார் வாங்கிவரச் சொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. அந்த எண்கள் அதே ஸ்கேனரில், இரண்டு பொத்தான் தள்ளி இருக்கின்றன.

என்ன பார்க்க வேண்டும்? என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, ட்ரிம் எவ்வளவு. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தினால் எவ்வளவு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் வழிகாட்டி. ஐடிலிங்கில் 25 சதவீதம் என்று ஏறி நின்று, 2,500-இல் ஐந்து ஆறு என்று இறங்கிவிட்டால், எம்.ஏ.எஃப். சென்சாருக்குப் பின்னால் எங்கோ அளக்கப்படாத காற்று நுழைகிறது. மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் ட்ரிம் உயர்ந்தால், பெட்ரோல் போதவில்லை: பம்ப் பலவீனம், ஃபில்டர் அடைப்பு, அல்லது எம்.ஏ.எஃப். சென்சார் காற்றைக் குறைத்து அளக்கிறது.

உங்கள் கார் முதல் வகை என்றே நான் கருதுகிறேன். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவால் இளநீர் குடித்தால் காற்றும் சேர்ந்து வாய்க்கு வருமே, அதுதான் இங்கே நடக்கிறது. ஐடிலிங்கில் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை உள்ளே விடும் வால்வு) ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே உறிஞ்சும் விசை மிக அதிகம். மொத்தக் காற்றோ மிகக் குறைவு. அப்போது சிறிய விரிசல் வழியாக வரும் காற்றுகூடக் கலவையைக் கெடுக்கும். நாங்குநேரி தாண்டி நெடுஞ்சாலையில் போகும்போது த்ராட்டில் திறந்து ஏராளமான காற்று போகிறது. அந்த விரிசல் காற்று அதில் ஒரு பொருட்டே இல்லை. சிக்னலில் உதறுவதற்கும் நெடுஞ்சாலையில் உதறாததற்கும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

இங்கே மற்ற வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பல சிறிய கார்களில் எம்.ஏ.எஃப். சென்சார் கிடையாது, மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் இருக்கும். அந்தக் கார்களில் காற்று கசிந்தால் அழுத்தமும் சேர்ந்து மாறுவதால், ஈ.சி.யூ. அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடும். ஆகவே பி0171 வராமல், ஐடிலிங் வேகம் உயர்ந்துபோவதாகத்தான் கோளாறு வெளிப்படும். சகோதரியின் காரில் எம்.ஏ.எஃப். சென்சாரைச் சுத்தம் செய்ததாக எழுதியிருப்பதால்தான் நான் இந்த வழியில் போகிறேன். உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் இந்தப் பதிலை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கசிவைத் தேடச் சிறந்த வழி ஸ்மோக் டெஸ்ட். காற்று உள்ளே போகும் குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால், விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே புகை எட்டிப்பார்க்கும். இந்தக் கருவி எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இருக்காது. திருநெல்வேலியில் விசாரித்து, இருக்கும் இடத்துக்கே போங்கள். சில இடங்களில் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து, என்ஜின் சத்தம் மாறுகிறதா என்று கேட்பார்கள். அனுபவசாலி கையில் அது பலன் தரும். ஆனால் அது தீப்பற்றக்கூடிய திரவம், சூடான என்ஜின்மேல் தெளிக்கப்படுகிறது. நீங்களாக வீட்டில் செய்ய வேண்டாம்.

எங்கே கசியும்? முதலில் பார்க்க வேண்டியது, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் வரை போகும் ரப்பர் குழாய். அதன் மடிப்புகளுக்கு அடியில், கண்ணுக்கு நேராகத் தெரியாத பக்கத்தில்தான் விரிசல் விடும். கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். எம்.ஏ.எஃப். சென்சாரைச் சுத்தம் செய்தபோது அந்தக் குழாயைக் கழற்றி மாட்டியிருந்தால், கிளாம்ப் சரியாக இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து பி.சி.வி. ஹோஸ், அதாவது என்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்பக் காற்றுப் பாதைக்குக் கொண்டுவரும் குழாய். என்ஜின் ஆயிலின் ஆவியையும் சூட்டையும் தாங்கித் தாங்கி, எட்டுப் பத்து வருடத்தில் அது காய்ந்த முருங்கைக்காய்போல் விறைத்து வெடித்திருக்கும். பிறகு இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், அதாவது மேனிஃபோல்டு என்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கும் தகடு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறல் அதிகமாக இருந்து, சூடேறியதும் குறைகிறதென்றால் இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் ரப்பர், ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர் ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது.

பர்ஜ் வால்வு என்று ஒன்று உண்டு. டாங்க்கில் சேரும் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் சிறிய வால்வு. அது மூடாமல் சிக்கிக்கொண்டால் எந்நேரமும் டாங்க் பக்கத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெட்ரோல் நிரப்பிய உடனே வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா, தள்ளாடுகிறதா என்று நினைத்துப் பாருங்கள். ஆம் என்றால் அதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உயிர் தொடர்பானது. நின்றிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் ஐடிலிங் மாறுகிறதா? பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கடினமாக இருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் வேறு எதையும் யோசிக்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.

வீட்டுக்கு வெளியே, மரத்தடியில் அல்லது காலி மனைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறீர்களா? எலி கடித்த ஹோஸும் ஒயரும் நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கையோ கடித்த ரப்பர் துணுக்கோ கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

இனி பி0420. கன்வர்ட்டரின் திறன் எதிர்பார்த்த அளவுக்குக் கீழே இருக்கிறது என்பது இதன் பொருள். கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சாரை வைத்துத்தான் ஈ.சி.யூ. இதைக் கணிக்கிறது. நல்ல கன்வர்ட்டர் ஆக்சிஜனைத் தன்னுள் சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால் பின் சென்சாரின் எண் 0.6, 0.7 வோல்ட் அருகே அதிகம் அசையாமல் நிற்கும். சேமிக்கும் திறன் போய்விட்டால், பின் சென்சாரும் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே மேலும் கீழுமாக ஆடத் தொடங்கும். இதை ஸ்கேனரின் கிராஃபில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். உங்களுக்கு யாராவது அந்த கிராஃபைக் காட்டினார்களா?

அதோடு, இந்தக் குறியீடு எப்போது வந்தது என்பதைக் கவனியுங்கள். முன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிய பிறகுதான் வந்திருக்கிறது. அந்த வேலையில் சென்சாரின் மரை சரியாக இறுகாமல் சைலன்சர் பக்கம் கசிந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, முன் சென்சார், பின் சென்சார் இரண்டுமே தவறாகப் படிக்கும். கசிவு ஒன்று, குறியீடு இரண்டு என்று ஆகிவிடும். போட்ட சென்சார் உங்கள் காருக்கான பாகம்தானா, அல்லது ஒயரை வெட்டி ஒட்டும் பொதுவகையா என்று பில்லை எடுத்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: பல கார்களில் பி0171 பதிவாகி நிற்கும்போது கன்வர்ட்டர் சோதனையை ஈ.சி.யூ. நடத்துவதே இல்லை, கலவை தவறாக இருக்கும்போது எடுக்கும் முடிவை அதுவே நம்புவதில்லை. ஆகவே ஒர்க்‌ஷாப்பும் நம்பக் கூடாது. முதலில் காற்றுக் கசிவு, பிறகு சைலன்சர் கசிவு. இரண்டும் சரியான பிறகும் பி0420 திரும்பி வந்து, கிராஃபும் ஆடினால் அப்போது கன்வர்ட்டரைப் பற்றிப் பேசலாம். அப்படி மாற்றும் நிலை வந்தால் பழைய கன்வர்ட்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதனுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. பழைய இரும்பாக விட்டுவிடும் பொருள் அல்ல அது.

எத்தனால் பற்றிச் சொன்னவரை நான் முழுதாக மறுக்க மாட்டேன். எத்தனாலில் ஆக்சிஜன் ஏற்கெனவே இருப்பதால் அது எரிய ஒரு பங்குக்கு 9 பங்கு காற்றே போதும். பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலிலிருந்து இருபது சதவீதக் கலவைக்கு மாறும்போது, அதே காற்றுக்கு ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தெளிக்க வேண்டியிருக்கும். அதாவது உங்கள் ட்ரிம் எண் அந்த அளவுக்கு மேலே நகரும். இது மட்டும் பி0171-ஐ வரவழைக்காது. ஆனால் சின்னக் கசிவால் ஏற்கெனவே 18 சதவீதத்தில் அமைதியாக இருந்த காரை எல்லைக்கு மேல் தள்ளிவிட இது போதும். மேலும், எத்தனால் காரணம் என்றால் ஐடிலிங்கிலும் நெடுஞ்சாலையிலும் ட்ரிம் ஒரே அளவு உயர வேண்டும். உங்கள் உதறல் சிக்னலில் மட்டும்தான். மைலேஜ் குறைந்ததற்கு வேண்டுமானால் எத்தனாலைக் காரணம் சொல்லலாம். எத்தனாலுக்காக வடிவமைக்காமல் பத்து சதவீதக் கலவைக்கு மட்டும் பொருத்திய நான்கு சக்கர வண்டிகளில், இருபது சதவீதக் கலவையால் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையே கூறுகிறது.

பேட்டரியைக் கழற்றுவது கூடவே கூடாது. ஒவ்வொரு முறை குறியீட்டை அழிக்கும்போதும், பேட்டரியைக் கழற்றும்போதும், விளக்கு அணைவதோடு சேர்ந்து மூன்று சான்றுகள் அழிகின்றன: நீண்டகால ட்ரிம், ஈ.சி.யூ.வின் சுயசோதனை முடிவுகள், ஃப்ரீஸ் ஃப்ரேம். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். கோளாறு பதிவான அந்தக் கணத்தில் ஆர்.பி.எம். என்ன, வேகம் என்ன, என்ஜின் சூடு எவ்வளவு, ட்ரிம் எவ்வளவு என்று ஈ.சி.யூ. ஒரு பதிவு எடுத்து வைத்திருக்கும். வேகம் 0, ஆர்.பி.எம். 750, ட்ரிம் 27 என்று அதில் இருந்தால், என் சந்தேகம் அங்கேயே உறுதியாகிவிடும். உங்கள் காரில் அதை எத்தனை முறை அழித்தார்களோ அத்தனை முறையும் விடையை அழித்திருக்கிறார்கள்.

அழித்த பிறகு பத்து நாள், இரண்டு வாரம் விளக்கு எரியாமல் இருந்ததை யாராவது குணமானதற்கு அடையாளமாகச் சொன்னால் ஏற்காதீர்கள். ஈ.சி.யூ. மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும். பெரும்பாலான கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் உறுதியானால்தான் விளக்கு எரியும். அந்த இடைவெளிதான் அது.

ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்கு அசையாமல் எரிகிறது, பிரேக்கில் மாற்றமில்லை, உதறல் லேசானது என்றால் கல்லூரிக்குப் போய்வரத் தடையில்லை. ஆனால் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் நிலைமை வேறு. மிஸ்ஃபயரால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அதை உருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். நாகர்கோவில் பயணத்தை மட்டும் கசிவு சரியாகும்வரை தள்ளிவைத்தால் நல்லது.

இனி ஒர்க்‌ஷாப்பில் என்ன சொல்ல வேண்டும் என்பது. "குறியீட்டை அழிக்காதீர்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமையும், ஐடிலிங்கிலும் 2,500-இலும் ட்ரிம் எண்களையும் காட்டுங்கள், செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். ஸ்மோக் டெஸ்ட் செய்யுங்கள், அதற்குரிய கட்டணத்தைத் தருகிறேன்." இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள். தேடுவதற்குக் கூலி கிடைக்காது, பாகத்தை மாற்றினால்தான் கிடைக்கும் என்ற நிலையில்தான் பல மெக்கானிக்குகள் பாகத்தை மாற்றுகிறார்கள். எல்லாரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று எண்ணுவது சரியல்ல. படம் எடுக்கவும் எண்களைக் காட்டவும் மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

விருப்பமிருந்தால் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகும் ஒரு புளூடூத் கருவியை வாங்கிக்கொள்ளலாம். ட்ரிம், ஃப்ரீஸ் ஃப்ரேம் இரண்டும் செல்போனிலேயே தெரியும். வண்டி நிற்கும் நாட்களில் அதைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி இறங்கும்.

கசிவை அடைத்த பிறகு குறியீட்டை ஒரே ஒரு முறை அழியுங்கள். நகரத்துக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாக ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்கள். பிறகு ஸ்கேனரில், சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் பக்கத்தில் கன்வர்ட்டர் சோதனை முடிந்ததாகக் காட்டுகிறதா, ஐடிலிங் ட்ரிம் பத்துக்குள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சோதனை முடிந்து, பி0420-உம் வரவில்லை என்றால் உங்கள் கன்வர்ட்டர் நன்றாகவே இருக்கிறது. ஸ்மோக் டெஸ்டில் எங்குமே கசிவு இல்லை என்று வந்தால், அந்த எண்களின் படங்களை எனக்கு அனுப்புங்கள். பெட்ரோல் பம்ப் அழுத்தத்திலிருந்து அடுத்த கட்டத்தைப் பார்ப்போம்.